குடல் அழற்சியின் நெடுங்கணக்கு



இந்த ஆண்டுப் பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் குடல் அழற்சி நோய். மருத்துவமனைச் சீட்டில் ஐ.பி.டி. என்று எழுதுவார்கள். அதில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்படலம் புண்ணாகி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ரத்தமும் சளியுமாகப் போகும். கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி கிளம்பும். மற்றொன்று கிரோன் நோய். அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எந்த இடத்திலும் வரலாம் என்றாலும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தையே அதிகம் பிடிக்கும். குடல்சுவரின் முழுக் கனத்தையும் அரித்து, சில இடங்களில் வழியைச் சுருக்கும், சில இடங்களில் துளைத்துக்கொண்டு வெளியே வந்து பவுத்திரமாகும். இரண்டும் தொற்றுநோய் அல்ல. உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் குடலோடும், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களோடும் ஓயாமல் சண்டையிடுவதால் வருபவை. பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. கட்டுக்குள் வைக்கும் மருந்துகள் உண்டு. சட்டென்று உயிரைப் பறிக்காது, ஆயுள் முழுக்கக் கூடவே வரும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் இன்று சொல்ல வந்த வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

அந்த வாதம் இது: இந்த நோய் உலகில் பெருகிவருவது உண்மை, பரிசோதனைக் கருவிகள் பெருகியதால் மட்டும் அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெருக்கம் இந்திய நகரங்களைத் தாண்டிக் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. இனிமேல் புதிய நோயாளிகளின் வரத்து கூடாமல் நின்றாலும்கூட மொத்த நோயாளிகளின் தொகை பல பத்தாண்டுகளுக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே எண்ணத் தொடங்குவதற்குச் சரியான நேரம், தொகை சிறிதாக இருக்கும் இந்த நேரம்தான். சரியான இடம், தூத்துக்குடி மாவட்டத்தின் நம் கரிசல் வட்டாரம் போன்ற இடங்கள்தான்.

முதலில் நோயின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1859இல் லண்டன் கைஸ் மருத்துவமனை மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ், இறந்துபோன ஒரு பெண்ணின் குடலைப் பரிசோதித்து, வழக்கமான சீதபேதியிலிருந்து வேறுபட்ட புண் இது என்று எழுதினார். 1913இல் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் கென்னடி டால்சியல், காசநோய்போலத் தோன்றியும் காசநோய் அல்லாத சில குடல்களைப் பற்றி எழுதினார். 1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் பர்ரில் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் அதையே விரிவாக வகுத்துச் சொன்னார்கள். நோய்க்குக் கிரோன் பெயர் நிலைத்தது. அப்போது இவை அபூர்வ நோய்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளில் வட அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் நிலைமை தலைகீழானது. 2017இல் லான்செட் இதழில் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வின்படி அந்நாடுகள் பலவற்றில் ஆயிரத்துக்கு மூவருக்கு மேல் இந்நோயுடன் வாழ்கிறார்கள். அங்கே கிடைத்த உச்ச அளவுகள், நார்வேயில் லட்சத்துக்கு 505 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், ஜெர்மனியில் லட்சத்துக்கு 322 பேருக்குக் கிரோன். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: 1990க்குப் பிறகு மேலை நாடுகளில் ஆண்டுதோறும் புதிதாக வருவோரின் விகிதம் பெரும்பாலும் நின்றுவிட்டது, சில இடங்களில் இறங்கியும் இருக்கிறது, புதிதாகத் தொழில்மயமாகும் ஆசிய, ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளில் அது ஏறுகிறது.

இங்கே இரண்டு கணக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் ஆண்டில் புதிதாக எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பது ஒரு கணக்கு. இன்றைய தேதியில் மொத்தம் எத்தனை பேர் அந்நோயுடன் இருக்கிறார்கள் என்பது மற்றொரு கணக்கு. கண்மாய்க்கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலாவது கண்மாய்க்கு வரும் வரத்து, இரண்டாவது கண்மாயில் நிற்கும் தண்ணீர். மடை வழியே போவது வரத்தைவிடக் குறைவாக இருந்தால், வரத்து கூடாவிட்டாலும் நீர்மட்டம் ஏறத்தான் செய்யும். குடல் அழற்சியில் இருபது வயதில் உள்ளே வருபவர் அறுபது, எழுபது வயதுவரை உள்ளே இருக்கிறார். கனடாவில் இது கண்கூடாக நடக்கிறது. அங்கே புதிய நோயாளிகளின் விகிதம் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது. ஆனால் 2018இல் மக்கள்தொகையில் 0.7 சதவீதமாக இருந்த மொத்த நோயாளிகள் 2030இல் ஒரு சதவீதத்தைத் தொடுவார்கள் என்று கணித்திருக்கிறார்கள். கால்கரியைச் சேர்ந்த கில்லாட் கப்லான் குழுவினர் உலக நாடுகளின் பாதையை நான்கு கட்டங்களாக வகுத்தார்கள்: அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தோன்றும் கட்டம், புதிய நோயாளிகள் வேகமாகக் கூடும் கட்டம், வரத்து நின்றபின்னும் மொத்தம் பெருகும் கட்டம், வரவும் செலவும் சமமாகும் கட்டம். மேற்குலகம் மூன்றாவதில் இருக்கிறது. நான்காவதை இதுவரை யாரும் எட்டவில்லை. இந்தியா இருப்பது இரண்டாவதில்.

உலக மொத்தத்தைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலக நோய்ச்சுமை ஆய்வின்படி 1990இல் 37 லட்சமாக இருந்த நோயாளிகள் 2017இல் 68 லட்சமானார்கள். கேட்டவுடன் நோய் இரு மடங்காகிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் மக்கள்தொகைப் பெருக்கத்தையும் வயது வேறுபாட்டையும் கழித்துவிட்டுப் பார்த்தால், லட்சத்துக்கு 79.5 என்பது 84.3 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். உலகச் சராசரி மெல்லத்தான் நகர்கிறது. நோய் புதிதாகப் பரவும் நாடுகளின் ஏற்றம் அந்தச் சராசரிக்குள் மறைந்து கிடக்கிறது. ஆகவே சராசரியை விட்டுவிட்டு நாடு நாடாக, வட்டாரம் வட்டாரமாகப் பார்ப்பதே சரி.

நம் நாட்டில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்குகள் மிகச் சில. 1986இல் ஹரியானாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது: லட்சத்துக்கு 42.8 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். 2003இல் பஞ்சாபிலிருந்து, லூதியானா மருத்துவர் அஜித் சூட் குழுவினரின் ஆய்வு வந்தது. 51,910 பேரை விசாரித்து, சந்தேகப்பட்டவர்களுக்குக் குடல்நோக்கிப் பரிசோதனையும் செய்து, 23 பேருக்கு நோய் இருப்பதை உறுதிசெய்தார்கள், லட்சத்துக்கு 44.3. ஆண்டுக்குப் புதிதாக வருவோர் லட்சத்துக்கு 6. இந்த இரண்டு ஆய்வுகளையும் வைத்துக்கொண்டு என் வாதத்தை ஒருவர் மறுக்கலாம். பதினேழு ஆண்டு இடைவெளியில் 42.8 என்பது 44.3 ஆகியிருக்கிறது; ஏற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில், இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைவிட ஒரே ஆய்வின் இரண்டு எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது அதிகம் சொல்லும் என்பது. பஞ்சாபில் ஆண்டு வரத்து 6, இருப்பு 44. அதாவது ஏழு ஆண்டு வரத்துதான் இருப்பில் இருக்கிறது. நாற்பது ஆண்டு கூட வரும் நோய்க்கு, வரத்து நெடுங்காலமாக இதே அளவில் இருந்திருந்தால், இருப்பு லட்சத்துக்கு 240 அருகே இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: ஒன்று, நோயாளிகள் சிகிச்சையின்றி இறந்தோ கணக்கில் வராமலோ போயிருக்கிறார்கள், அல்லது வரத்து அண்மையில்தான் இந்த அளவுக்கு உயர்ந்திருக்கிறது. ஒரே ஆண்டில் வந்த ஒருசில புதிய நோயாளிகளை வைத்துச் சொன்ன விகிதம் என்பதால் இந்தக் கணக்கின்மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றக் கூடாது. ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது. இரண்டு விளக்கங்களில் எதுவானாலும் முடிவு ஒன்றே. சிகிச்சை மேம்பட மேம்பட, ஆயுள் நீள நீள, அந்த 44 மேலேதான் போகும்.

அதன்பின் வந்த சான்றுகள் ஏற்றத்தை வெளிப்படையாகவே காட்டுகின்றன. ஆசிய-பசிபிக் பகுதியின் பல நகரங்களில் ஒரே முறையில், ஒரே காலத்தில் புதிய நோயாளிகளைப் பதிவுசெய்த கூட்டாய்வில், ஆசியாவிலேயே அதிக விகிதம் ஹைதராபாத்தில் கிடைத்தது: ஆண்டுக்கு லட்சத்துக்கு 9.3 பேர். சீனா அல்ல, இந்தியா. அதைவிட நம்மை நேராகத் தொடுவது, அதே ஹைதராபாத்தைச் சேர்ந்த ரூபா பானர்ஜி குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வு. வயிற்றுத் தொல்லையோடு வந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்ததில், கிராமத்திலிருந்து வந்தவர்களிலும் நகரத்திலிருந்து வந்தவர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில், நூற்றுக்கு ஐந்து பேர் அருகில், குடல் அழற்சி இருந்தது. இது மக்கள்தொகை விகிதம் அல்ல, நோய்க்குறியோடு வந்தவர்களிடையே உள்ள விகிதம். அந்த வேறுபாட்டை மறக்காமல் சொல்கிறேன்: நகரத்து நோய், ஏசி அறை நோய், பணக்காரர் நோய் என்று நாம் வைத்திருந்த நினைப்பு இனி நிற்காது.

இப்போது வலுவான ஆட்சேபத்துக்கு வருகிறேன். கொலனோஸ்கோப் என்னும் குடல்நோக்கிக் கருவி பெருகியது, குடல்நோய் நிபுணர் பெருகினார், நோயும் பெருகியதுபோலத் தெரிகிறது. உண்மையில் நோய் எப்போதும் இருந்தது, நாம்தான் பார்க்கவில்லை என்பார்கள். இதில் ஒரு பகுதி உண்மை. பெரிய குடல் மருத்துவமனை இருக்கும் ஊரில் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிவது இயல்பு; ஹைதராபாத் எண்ணுக்கும் இது பொருந்தும். ஆனால் ஒரே ஊரில், ஒரே மருத்துவமனையில், ஒரே மருத்துவர் கையில் பார்க்கப்பட்டவர்களிடையே வேறுபாடு தெரிந்தால் அதற்குக் கருவியைக் காரணம் சொல்ல முடியாது. 1992இல் இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்திலிருந்து வந்த ஆய்வு அத்தகையது. சென்னைக் குடல்நோய் மருத்துவர் வி. ஜெயந்தியும் அதில் பங்கேற்றார். அங்கே குடியேறியிருந்த தெற்காசியரிடையே புதிய அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆண்டுக்கு லட்சத்துக்கு 10.8, வெள்ளையரிடையே 5.3. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிள்ளைகளிடையே எடுத்த கணக்கிலும் தெற்காசியப் பிள்ளைகளுக்கு லட்சத்துக்கு 15.2, மற்றவர்களுக்கு 5.2. ஊரில் இருந்தவரை அபூர்வமாய் இருந்த நோய், கடல் கடந்த ஒரு தலைமுறையில் அந்நாட்டு மக்களையே மிஞ்சிவிட்டது. மரபணு ஒரு தலைமுறையில் மாறாது. மேலைநாட்டுக் கிரோன் நோயாளிகளிடம் 2001இல் கண்டுபிடித்த நாட்2 மரபணு மாற்றங்கள் இந்திய நோயாளிகளிடம் ஏறக்குறைய இல்லை என்று வேலூர் சி.எம்.சி. ஆய்வும் பிற இந்திய ஆய்வுகளும் காட்டிவிட்டன. மாறியது சூழல்தான்.

தமிழர்களை நேராகத் தொடும் சான்று மலேசியாவில் இருக்கிறது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் எடுத்த கணக்கு 2015இல் வெளியானது. மலாய்க்காரர்களிடையே மொத்த நோயாளிகள் லட்சத்துக்கு 7.0, சீனரிடையே 6.9, இந்தியரிடையே 24.9. மலேசிய இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள் என்பதும், அவர்களுடைய முன்னோரில் பலர் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள் என்பதும் இந்த அவைக்குத் தெரியும். மூன்று இனத்தாருக்கும் மருத்துவமனை ஒன்றே. கொழும்பு, கம்பஹா மாவட்ட மருத்துவமனைகளை வைத்து இலங்கையில் எடுத்து 2010இல் வெளியான கணக்கோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் லட்சத்துக்கு 5.3, கிரோன் 1.2 என்று சொன்னது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிய அந்த எண் நம் பக்கத்து உண்மைக்கு அருகே இருக்கிறதா, கிந்தா எண் அருகே இருக்கிறதா என்பதை வெளியூர் எண்களை வைத்துத் தீர்மானிக்க முடியாது. நம் உடம்புக்கு இது வராது என்று இருந்துவிடவும் முடியாது. வரத் தகுந்த சூழல் அமைந்தால் தமிழ் உடம்புக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது.

எண்ணிக்கை கூட்டிக் காட்டப்படுகிறது என்ற ஆட்சேபத்துக்கு எதிரான பக்கமும் ஒன்று உண்டு. நம் வட்டாரத்தில் அதுதான் பெரிது. நோய் குறைத்து எண்ணப்படுகிறது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு ரத்தபேதி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் அது சூடு. மோரும் வெந்தயமும் இளநீரும். இரண்டாவது வாரம் மெடிக்கல் ஷாப்பில் வயிற்றுக்கடுப்புக்கு என்று வாங்கிய மாத்திரை. அது கொஞ்சம் அடங்கும், ஏனென்றால் இந்த நோயின் இயல்பே அடங்கிக் கிளம்புவது. மாத்திரையால் அடங்கியதாக வீட்டார் நம்புவார்கள். மூன்றாவது மாதம் மறுபடி வந்தால் அது மூலம். மூலம், பவுத்திரம் என்று பட்டையாகப் பெயிண்டில் எழுதிய சுவர் இல்லாத பேருந்து நிறுத்தம் நம் பக்கம் இல்லை. வேலை நேரத்தில் ஐந்தாறு முறை எழுந்து போக வேண்டியிருப்பதை மேஸ்திரியிடம் சொல்ல முடியாமல் காலையில் சாப்பிடாமலே வேலைக்குப் போவாள். எடை குறையும், ரத்தம் குறையும். சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும். யாராவது ஸ்டீராய்டு கொடுத்தால் சட்டென்று குணம் தெரியும். அதே சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிடும் பழக்கமும் வரும். இத்தனை வாசல்களையும் தாண்டித் தூத்துக்குடி அல்லது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்பவர்தான் கணக்கில் வருகிறார். வந்து சேராத மற்றவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கிரோன் நோயில் இன்னொரு சிக்கல் குடல் காசநோய். இரண்டும் ஒரே இடத்தைப் பிடிக்கும், ஒரே மாதிரி வலிக்கும், உடம்பை ஒரே மாதிரி உருக்கும். திசுவை நுண்ணோக்கியில் பார்த்தாலும் குழப்பம் முழுதாகத் தீர்வதில்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் டாண்டனும் பிரகாஷும் 1972இலேயே இரண்டையும் பிரித்தறிவது பற்றிக் ‘கட்’ என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். ஐம்பது ஆண்டு கழித்தும் அந்தக் குழப்பம் இந்திய மருத்துவர்களின் அன்றாடப் பிரச்சினைதான். காசநோய் பரவலாக உள்ள நாட்டில் சந்தேகம் வந்தால் காசநோய் மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். காசநோயைக் கிரோன் என்று நினைத்து எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் அந்த வழக்கத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. அப்படிச் சோதனையாகக் காசநோய் மருந்து சாப்பிட்ட கிரோன் நோயாளிகளுக்குக் குடல் சுருக்கம் அதிகமாக ஏற்பட்டது என்று டெல்லி எய்ம்ஸ் 2018இல் காட்டியது. இங்கே என் அக்கறை கணக்கைப் பற்றியும்தான். பழைய நாளில் குடல் டி.பி. என்று எழுதியதில் எத்தனை கிரோன் என்பதை இனிப் பிரிக்க முடியாது. ஆகவே கிரோன் முன்பு அறவே இல்லை, இப்போது திடீரென்று வந்துவிட்டது என்று சொல்வது மிகை. முன்பும் கொஞ்சம் இருந்தது, மறைந்து இருந்தது, இப்போது கூடியும் இருக்கிறது, வெளிப்பட்டும் இருக்கிறது என்பதே சான்றுகள் தாங்கும் வாக்கியம்.

சூழல் மாறியது என்றேன். எது மாறியது? வேலூர் சி.எம்.சி.யில் புகழேந்தி, ராமகிருஷ்ணா முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு கிரோன் நோயாளிகள் 200 பேரையும் நோயில்லாத 200 பேரையும் ஒப்பிட்டது. வீட்டு வளாகத்தில் மாடு இருந்தவர்களிடமும், மீன் அடிக்கடி உண்பவர்களிடமும் நோய் குறைவாக இருந்தது. பாதுகாக்கப்பட்ட குடிநீர் கிடைத்தவர்களிடம் அதிகமாக இருந்தது. சிறுவயதில் மண்ணோடும் மாட்டோடும் பழகிய எதிர்ப்பாற்றல் பின்னாளில் நிதானம் காக்கும் என்ற கருத்துக்கு இது பொருந்துகிறது. தொழுவம் இல்லாத கரிசல் வீடு ஒருகாலத்தில் அபூர்வம்; டிராக்டர் வந்தபின் உழவு மாடு போயிற்று, தொழுவம் இருந்த இடத்தில் டூவீலர் நிற்கிறது. பொருத்தம் அழகாக இருக்கிறது என்பதாலேயே இதை முழுதாக நம்பிவிடக் கூடாது. 2015இல் ஆசிய-பசிபிக் ஆய்வாளர்கள் இதேபோல் ஒப்பிட்டபோது, ஓராண்டுக்கு மேல் தாய்ப்பால் குடித்ததும் நாய் வளர்த்ததும் காப்பாகத் தெரிந்தன, சரி; ஆனால் தண்ணீர் ஊற்றும் நவீன கழிப்பறையும் வெந்நீர்க் குழாயும்கூட அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்குக் காப்பாகவே தெரிந்தன. சுத்தம்தான் நோயைத் தந்தது என்ற எளிய முடிவை இது உடைக்கிறது.

உணவின் பக்கம் சான்று கொஞ்சம் உறுதியாக இருக்கிறது. மருத்துவர் சலீம் யூசுப் தலைமையிலான ப்யூர் என்ற ஆய்வில் இந்தியா உட்பட 21 நாடுகளின் 1,16,087 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவை நாளுக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ உண்டவர்களுக்கு, ஒரு முறைக்கும் குறைவாக உண்டவர்களைவிடக் குடல் அழற்சி வரும் வாய்ப்பு 1.8 மடங்கு என்று 2021இல் அறிவித்தார்கள். இறைச்சி, பால், மாவுப்பொருள், காய்கனி என்று தனித்தனியாகப் பார்த்ததில் எதற்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. குற்றம் உணவின் வகையில் இல்லாமல் அது ஆலையில் மாற்றப்படும் விதத்தில் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணுவதற்கு இதுவே காரணம். எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கச் சேர்க்கும் சில பொருட்கள் எலிகளின் குடலில் சளிப்படலத்தைக் கெடுத்து அழற்சியைத் தூண்டியதை 2015இல் நேச்சர் இதழ்க் கட்டுரை ஒன்று காட்டியது. எலியில் நடந்தது மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டிக்கடைகளில் தொங்கும் பாக்கெட் சரங்களைப் பார்த்தால், சோளமும் கம்பும் குதிரைவாலியும் விளைந்த இந்த மண்ணில் பிள்ளைகளின் மாலைத் தீனி ஒரு தலைமுறைக்குள் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பது தெரியும்.

இதைக் கேட்டதும், அப்படியானால் கம்மங்கூழுக்குத் திரும்பிவிட்டால் நோய் போய்விடும், குழாய்த் தண்ணீர்தான் கெடுத்தது என்று சிலர் கிளம்புவார்கள். அதை நான் வன்மையாக மறுக்கிறேன். சீவலப்பேரியிலிருந்து கோவில்பட்டிக்குக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீருக்காக இந்த ஊர்கள் எத்தனை காலம் ஏங்கிக் கிடந்தன! ஊருணியில் கலங்கல் நீரைக் குடித்த காலத்தில் காலராவும் பேதியும் குழந்தைகளைக் கொண்டுபோயின. அந்தச் சாவுகளை நிறுத்தியதற்கு ஈடாக ஒரு நாள்பட்ட நோய் சிலருக்கு வருகிறது என்றே வைத்துக்கொண்டாலும், எந்தத் தாயும் பழைய தண்ணீரைக் கேட்க மாட்டாள். சிறுதானியம் நல்ல உணவு. அதை உண்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு. நோய் வந்துவிட்ட ஒருவருக்கு அது மருந்து ஆகாது. கூழை நம்பி மருந்தை நிறுத்தியவருக்குப் பெருங்குடலில் புண் பரவும். பல ஆண்டுகள் அடங்காத அழற்சி பெருங்குடல் புற்றுநோய்க்கும் வழிவிடும்.

காசநோயும் சோகையும் சர்க்கரையும் இருக்கும் ஊரில் லட்சத்தில் நாற்பது பேருக்கு வரும் நோய்க்கு இவ்வளவு பேச்சா என்பது இன்னொரு ஆட்சேபம். 2011 கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாவட்டத்தின் மக்கள்தொகை 17,50,176. பஞ்சாப் விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் மாவட்டத்தில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மட்டும் 775 பேருக்கு இருக்க வேண்டும். ஆண்டுக்கு நூறு பேர் புதிதாகச் சேர வேண்டும். மேலைநாட்டு நிலையான ஆயிரத்துக்கு மூவர் என்பதை எட்டும் நாளில் ஐயாயிரத்தைத் தாண்டும். இவர்கள் பெரும்பாலும் படிக்கும் வயதினர், சம்பாதிக்கும் வயதினர், பிள்ளை பெறும் வயதினர். சல்ஃபாசலசின், மெசலமின் போன்ற மருந்துகளைத் தொடக்கத்திலேயே ஒழுங்காகக் கொடுத்தால் பலரை வேலைக்குப் போகும் நிலையில் வைத்திருக்க முடியும். முற்றிய பிறகு இன்ஃப்ளிக்சிமாப் போன்ற விலை மிகுந்த ஊசிகள் வேண்டியிருக்கும்; அவை உறங்கிக் கிடக்கும் காசநோயைக் கிளப்பிவிடும் என்பது 2001 முதல் தெரிந்த ஆபத்து. ஆகவே காசநோயா குடல் அழற்சியா என்று ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை நிறுத்துவது பொருந்தாது. காசநோயை நன்றாகக் கண்டுபிடிக்கும் ஊரில்தான் கிரோனுக்கும் நல்ல சிகிச்சை தர முடியும். இரண்டுக்கும் வேண்டியது ஒரே கொலனோஸ்கோப், ஒரே திசுப் பரிசோதனை, ஒரே ஆய்வகம்.

எண்ணுவது என்பது நம்மால் ஆகாத காரியமும் அல்ல. நமக்கு வடக்கே திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் ஒரு கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேடு பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. நகரத்துக்கு மட்டுமே பதிவேடு சாத்தியம் என்ற நினைப்பை அது உடைத்துவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வீட்டு வாசலுக்கே ஊழியர்கள் வருகிறார்கள். அவர்களுடைய கேள்வித்தாளில் மூன்று கேள்விகள் சேர்ந்தால் போதும்: ஒரு மாதத்துக்கு மேல் பேதி உண்டா, மலத்தில் ரத்தம் உண்டா, காரணம் தெரியாமல் எடை குறைந்ததா. ஆம் என்றவரின் மலத்தை அழற்சி காட்டும் கால்ப்ரொடெக்டின் பரிசோதனைக்கு அனுப்பலாம். அதில் அழற்சி தெரிந்தவரைக் குடல்நோக்கிப் பரிசோதனைக்கு அழைக்கலாம். பவுத்திரத்துக்கு அறுவை செய்யும் ஒவ்வொரு இளைஞருக்கும் குடலை ஒருமுறை பார்த்துவிடுவது என்று மருத்துவமனைகள் வைத்துக்கொள்ளலாம். காசநோய் மருந்து தொடங்கிய குடல் நோயாளியை மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் மறுபடி குடல்நோக்கியில் பார்த்து, புண் ஆறாதவரைத் தனிப் பேரேட்டில் எழுதலாம். ஓட்டப்பிடாரம், கயத்தாறு, விளாத்திகுளம், கோவில்பட்டி, எட்டயபுரம் ஆகிய ஐந்து வட்டங்களை எல்லையாக வைத்துக்கொண்டால் கரிசலின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். முதல் ஐந்தாண்டில் கிடைக்கும் எண் சிறியதாகத்தான் இருக்கும், பஞ்சாபில் 23 பேர் கிடைத்ததுபோல. அந்தச் சிறிய எண்ணை வயது, பால், ஊர், தொழில், வீட்டில் மாடு உண்டா, எந்தத் தண்ணீர், எந்த வயதில் எந்த மருந்து என்ற குறிப்புகளோடு ஒழுங்காக எழுதிவைத்தால், பத்தாண்டு கழித்து அதே ஐந்து வட்டங்களில் மறுபடி எண்ணும்போது வரத்து கூடியதா, இருப்பு மட்டும் கூடியதா என்பதை இந்த மண்ணின் எண்களை வைத்தே சொல்ல முடியும்.